மலைச் சாலையில் பழைய ஜீப் பிக்கப்: ஸ்டெபிலைசர் பார் போடும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை

நீலகிரியில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு வண்டியும் கடையின் ஒரு பகுதிதான். கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு கீழே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டும். அரிசிச் சிப்பமும், எண்ணெய் டின்னும், சர்க்கரை மூட்டையும் மேலே வந்து சேர வேண்டும். இந்தப் போக்குவரத்து முழுவதும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கோத்தகிரிச் சாலையிலோதான் நடக்கிறது. மசினகுடிப் பக்கம் வியாபாரம் வைத்திருப்பவர்களுக்குக் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளும் பழக்கம். ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு, வளைவில் சாயாமல் நிற்பதே முதல் தகுதி.

நம் வட்டாரத்தில் இன்னும் பல வணிகர்களும் எஸ்டேட்காரர்களும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். 1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியதிலிருந்து, அந்த வம்சத்து வண்டிகள் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடி வருகின்றன. இவற்றின் உடல் உறுதியானது. பட்டறையில் எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. ஆனால் பாரம் ஏற்றி வளைவில் திருப்பினால் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்ந்து, தொட்டில் போல் ஆடும். "ஸ்டெபிலைசர் பார் ஒன்று போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று பட்டறையில் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மை, அதற்குச் செலவு செய்யும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை, எங்கள் சொந்த அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஸ்டெபிலைசர் பார் என்றால் என்ன?

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் ஆகிய மூன்று பெயர்களும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. ஸ்பிரிங் எஃகில் செய்து, பெரிய 'ப' எழுத்தைப் போல் வளைத்த ஒரு கம்பி அது. அதன் நடுப்பகுதி வண்டியின் அகலவாக்கில் கிடக்கும். அதை ரப்பர் புஷ் வைத்த இரண்டு கிளாம்ப்கள் பிடித்திருக்கும். இரு கைகளின் நுனியும் லிங்க் எனப்படும் சிறு தண்டுகளால் இடது சக்கரப் பக்கத்துக்கும் வலது சக்கரப் பக்கத்துக்கும் இணைக்கப்பட்டிருக்கும். 1919-லேயே கனடா நாட்டவரான ஸ்டீபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பொருள் பழையது, தத்துவமும் எளியது.

வண்டி நேராகப் போகையில் இரு சக்கரங்களும் ஒன்றாக மேடேறி இறங்கினால், கம்பியும் கூடவே சுழன்று கொடுக்கும். எந்த வேலையும் செய்யாது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், உள்பக்க ஸ்பிரிங் நீளும். அப்போது கம்பியின் ஒரு கை மேலும் மறு கை கீழும் போவதால் நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழியும்போது அது கையை எதிர்த்துத் திமிறுவதுபோல, முறுக்கப்பட்ட எஃகும் எதிர்த்துத் திமிறும். அந்தத் திமிறல்தான் வண்டியின் சாய்வைக் குறைக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. 2010-ல் வந்த மஹிந்திரா தார் போன்ற சில வண்டிகளின் முன்புறத்தில் டார்ஷன் பார் உண்டு. அது நீளவாக்கில் கிடந்து வண்டியின் எடையையே தாங்கும் ஸ்பிரிங். ஸ்டெபிலைசர் பார் எடையைத் தாங்காது. பாரம் ஏற்றி வண்டி அமுங்கிப் போகிறது என்றால் அதற்கு ஸ்டெபிலைசர் பார் மருந்தல்ல.

தடிமனில் சில மில்லிமீட்டர், பலத்தில் பெரிய மாற்றம்

முறுக்கை எதிர்க்கும் பலம், கம்பியின் விட்டத்தை நான்கு முறை பெருக்கிய அளவில் கூடும். 20 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு அதே அளவும் வடிவும் கொண்ட 22 மி.மீ. கம்பியைப் போட்டால் பலம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடுகிறது. 22-லிருந்து 25 மி.மீ.க்குப் போனால் ஏறத்தாழ 67 சதவீதம். கண்ணுக்கு 3 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் வண்டியின் நடத்தையே மாறிவிடும். ஆகவே "கொஞ்சம் தடிமனாகவே போடுங்கள்" என்று பொத்தாம்பொதுவில் சொல்லிவிட்டு வரக் கூடாது.

கையின் நீளமும் முக்கியம். கை குட்டையானால் பிடிப்பு கூடும். லிங்க் மாட்டும் இடத்தை மாற்றி, கையின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே பலம் ஏறத்தாழ 23 சதவீதம் கூடும். அதனால்தான் சில கம்பிகளின் கை நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். முதலில் கடைசித் துளையில், அதாவது மென்மையான அளவில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதே முறை.

குழல் கம்பியைக் கண்டு "உள்ளே ஓட்டை, ஏமாற்று வேலை" என்று நினைக்க வேண்டாம். வெளிவிட்டம் அதே அளவாக இருந்து, உள்துளை அதில் 60 சதவீதம் இருந்தாலும், பலத்தில் 13 சதவீதம்தான் குறையும். எடையோ 36 சதவீதம் குறையும். முறுக்கின் பெரும்பகுதியைக் கம்பியின் வெளிப்புறம்தான் தாங்குகிறது. அதே காரணத்தால் கம்பியின் வெளிப்புறத்தில் உளி பட்ட காயமோ, துருக் குழியோ இருந்தால், உடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

எங்களுக்கு நேர்ந்தது

எங்கள் கடைக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் கொண்ட ஒரு பழைய ஜீப் பிக்கப் இருந்தது. காய்கறி பாரத்தோடு இறங்கும்போது பின்புறம் அதிகம் ஆடுகிறது என்று டிரைவர் குறைப்பட்டுக்கொண்டார். சமவெளியில் ஒரு பட்டறையில் சொல்லி, வேறு வண்டியிலிருந்து கழற்றிய தடித்த கம்பி ஒன்றைப் பின்புற அச்சில் மட்டும் பொருத்தினோம். முன்புறத்தில் எதுவும் செய்யவில்லை. பாரத்தோடு இறங்கியபோது ஆட்டம் நன்றாகக் குறைந்திருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம்.

சில வாரங்கள் கழித்து, மழைத் தூறலில், மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறி வந்தபோது, ஒரு வளைவில் பின்புறம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. மலைப் பக்க வடிகாலில் இறங்கி நின்றதால் டிரைவர் சிராய்ப்போடு தப்பினார். மறுபக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாகத்தான் எழுதியிருப்போம். டிரைவர் வேகமாக ஓட்டவில்லை. தவறு எங்களுடையது.

காரணம் இதுதான். ஸ்டெபிலைசர் பார் சாய்வைக் குறைக்கும்போது, அந்த அச்சின் உள்பக்கச் சக்கரத்திலிருந்து எடையை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது கூடுதலாக ஏற்றுகிறது. ஒரு டயரில் எடை இரட்டிப்பானால் பிடிப்பு அதே அளவுக்கு இரட்டிப்பாவதில்லை. எனவே எந்த அச்சில் கம்பியைக் கடினமாக்குகிறோமோ, அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு சற்றுக் குறைகிறது. பின்புறத்தில் மட்டும் கடினமாக்கினால் பின்புறம் முதலில் வழுக்கும். காலி பிக்கப்பின் பின்புறம் ஏற்கெனவே இலேசானது. ஈரச் சாலையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

முன்புறத்தில் மட்டும் கடினமாக்கினால் இதற்கு எதிரான விளைவு வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி எதிர்பார்த்த அளவு திரும்பாமல் வெளிப்பக்கம் அகலும். அதுவும் ஆபத்தே. ஆனாலும் அது டிரைவருக்கு முன்கூட்டித் தெரியும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் பெரும்பாலும் அடங்கும். பின்புறம் வழுக்கினால் சுதாரிக்க அவகாசம் கிடைப்பது அரிது. ஆகையால் பாரமும் காலியும் மாறி மாறி ஓடும் வண்டிக்குப் பின்புறத்தில் மட்டும் தடித்த கம்பி போடவே கூடாது. முன்புறத்தில் தொடங்கி, தேவையிருந்தால் மட்டும் பின்புறத்தில் இலேசான கம்பி சேர்ப்பதே பாதுகாப்பான வரிசை.

கம்பி எவ்வளவு காப்பாற்றும்? ஒரு சிறு கணக்கு

வணிகர்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் விளங்கும். ஓர் எடுத்துக்காட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலி எடை 1,400 கிலோ. அனுமதிக்கப்பட்ட சுமை 1,000 கிலோ. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.35 மீட்டர். காலி வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 0.70 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

மூட்டைகளைத் தாழ்வாகப் பரப்பி, சுமையின் எடை மையம் 1.10 மீட்டரில் இருந்தால், வண்டியும் சுமையும் சேர்ந்த எடை மையம் 0.87 மீட்டரில் வரும். அதே 1,000 கிலோவைக் கூண்டு கட்டி உயரமாக அடுக்கி, சுமையின் மையம் 1.50 மீட்டருக்குப் போனால், மொத்த மையம் 1.03 மீட்டருக்கு ஏறிவிடும்.

இனி வளைவைப் பார்ப்போம். வண்டி திரும்பும் பாதையின் ஆரம் 12 மீட்டர் என்றால், 20 கி.மீ. வேகத்தில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் 26 சதவீதம். 25 கி.மீ. வேகத்தில் 41 சதவீதம். 30 கி.மீ. வேகத்தில் 59 சதவீதம். வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளல் இரண்டேகால் மடங்காகிறது.

உயரமாக அடுக்கிய வண்டி வளைவில் 6 டிகிரி சாய்ந்தால், எடையில் ஏறத்தாழ 60 சதவீதத் தள்ளலுக்கே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழத் தொடங்கும். அதாவது 30 கி.மீ. வேகத்தில் அந்த வண்டி எல்லையின் விளிம்பில் நிற்கிறது. இப்போது அதற்கு மூன்று வைத்தியங்களைச் செய்து பார்ப்போம்.

நல்ல ஸ்டெபிலைசர் பார் போட்டுச் சாய்வை 6-லிருந்து 4 டிகிரிக்குக் குறைத்தால், எல்லை 60-லிருந்து 62 சதவீதமாக உயர்கிறது.

கம்பி போடாமல், அதே சுமையைத் தாழ்வாக அடுக்கினால், எல்லை 60-லிருந்து 72 சதவீதமாக உயர்கிறது.

எதையும் மாற்றாமல் வேகத்தை 30-லிருந்து 25-க்குக் குறைத்தால், தள்ளலே 59-லிருந்து 41 சதவீதமாக இறங்கிவிடுகிறது.

இது எளிமையாக்கிய கணக்கு. டயர் அமுங்குவது, சாலை வெளிப்பக்கம் சரிந்திருப்பது, குழியில் சக்கரம் இறங்குவது, மூட்டை நகர்வது எல்லாம் சேர்ந்தால் உண்மையான எல்லை இன்னும் கீழேதான் இருக்கும். ஆனால் மூன்று வைத்தியங்களுக்கும் இடையிலுள்ள விகிதம் தெளிவாகத் தெரிகிறது. கம்பியால் ஆட்டம் நன்றாகக் குறையும். வண்டி கவிழும் எல்லையோ மிகச் சிறிதளவே உயரும். இந்த வேறுபாட்டை மறந்தால்தான் விபத்து.

சாய்வு என்பது டிரைவருக்கு ஓர் எச்சரிக்கை மணி. கம்பி போட்டதும் மணியின் ஓசை குறைகிறது. வண்டி நிமிர்ந்து போகிறதே என்று வேகத்தைக் கூட்டினாலோ, இன்னும் நான்கு மூட்டை ஏற்றினாலோ, செலவழித்த பணமே எமனாக வந்துவிடும்.

அப்படியானால் எதற்குப் போட வேண்டும்? பயன் இல்லாமல் இல்லை. அடுத்தடுத்து எதிரெதிராக வரும் வளைவுகளில் வண்டி தாமதமாகச் சாய்ந்து ஊசலாடுவது குறையும். ஸ்டீயரிங்குக்கு வண்டி உடனே கட்டுப்படும். மூட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்து கயிறு தளர்வது குறையும். முட்டை, கண்ணாடிச் சாமான், பாட்டில் சரக்கு ஏற்றுவோருக்குச் சேதாரம் குறையும். நாள் முழுவதும் ஓட்டும் டிரைவருக்குக் களைப்பும் குறையும். இவையெல்லாம் உண்மையான லாபங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

பழைய வண்டி ஆடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் கம்பி இல்லாமை அல்ல, தேய்மானம்தான். பட்டறைக்கு அனுப்பியதும் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் காற்று நான்கிலும் சரியாக உள்ளதா? பாரத்துக்கு ஏற்ற அளவில் உள்ளதா? காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் மடிந்தாலே வண்டி சாய்வது போலத் தோன்றும்.

பட்டை ஸ்பிரிங்கில் எந்த இலையாவது உடைந்துள்ளதா? சென்டர் போல்ட், யூ போல்ட் இறுக்கமாக உள்ளனவா? ஷாக்கிள் புஷ்கள் தேய்ந்து ஆடுகின்றனவா? இரு பக்கமும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கிறதா?

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? ஷாக் செத்துப்போன வண்டியில் எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் ஊசலாட்டம் அடங்காது.

வீல் பேரிங், ஸ்டீயரிங் பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா? சேஸிஸில், குறிப்பாக ஸ்பிரிங் தாங்கிகள் அருகே, விரிசலோ துருவோ உண்டா? நம் மலையின் ஈரக் காற்றில் துரு உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையில் தெரியும்.

வண்டியில் கம்பெனியே பொருத்திய ஸ்டெபிலைசர் பார் இருந்தால், அதன் லிங்க்கும் புஷ்ஷும் நல்ல நிலையில் உள்ளனவா? குழியில் இறங்கும்போது முன்புறம் "டக் டக்" என்று கேட்டால் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புஷ் தேய்ந்தால் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான். புதிய புஷ்ஷும் லிங்க்கும் போடுவது புதுக் கம்பியைவிட மிகக் குறைந்த செலவு. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

இன்னொன்று. பாரம் தாங்குவதற்காகப் பட்டை கூட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கூடுதல் இலை போட்டால் ஸ்பிரிங் கடினமாகிச் சாய்வு சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் வண்டி மேலெழும்பி எடை மையமும் உயர்ந்துவிடும். காலியாக ஓடும்போது பின்புறம் துள்ளும். இதன் மேல் தடித்த கம்பியும் போட்டால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

பொருத்தும் முறை

அந்த மாடலுக்கென்றே செய்த கம்பியை வாங்குவதே நல்லது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கம்பி விலை குறைவுதான். ஆனால் அது எத்தனை லட்சம் முறை முறுக்கியதென்று யாருக்கும் தெரியாது. துருக் குழி, வெட்டுக் காயம், வெல்டிங் அடையாளம் எது இருந்தாலும் தள்ளிவிடுங்கள். ஸ்பிரிங் எஃகைப் பட்டறை நெருப்பில் காய்ச்சி வளைத்தால் அதன் பதம் கெட்டுவிடும். "கொஞ்சம் வளைத்துப் பொருத்திவிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பியின் மேல் எந்த இடத்திலும் வெல்டிங் கூடாது.

கிளாம்ப் பிடிக்கும் பிராக்கெட்டுக்குச் சேஸிஸில் உறுதியான இடம் வேண்டும். மெல்லிய இடமானால் உள்ளே ஒரு தகடு கொடுத்துப் போல்ட் போட வேண்டும். சேஸிஸின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடுவதைத் தவிர்க்க வேண்டும். அங்கேதான் சேஸிஸ் அதிக அழுத்தத்தைத் தாங்குகிறது.

வழக்கமான பாரத்தோடு வண்டி நிற்கும்போது கம்பியின் கைகள் ஏறத்தாழ சமமட்டமாகவும், லிங்க்குகள் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். பிறகு ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டும், முழுதும் அமுக்கியும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் கூடு, சைலன்சர், டயர் ஆகிய எதிலும் கம்பி உரசக் கூடாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்புறமும் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் இருப்பதால் இடம் மிகக் குறைவு. பிரேக் ஹோஸில் உரசிய கம்பி ஒரு நாள் இறக்கத்தில் பிரேக்கையே பறித்துவிடும்.

புஷ்ஷில் ரப்பர் மென்மையானது, சத்தம் போடாது. பாலியூரித்தேன் புஷ் கடினமானது, கம்பிக்கு உடனே வேலை கொடுக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் உயவு இல்லாமல் போட்டால் கிறீச்சிடும். எதுவாயினும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். லாக் நட் புதியதாக இருக்கட்டும். ஒரு வாரம் ஓடியபின் எல்லா போல்ட்களையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் நேரே மண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் காலி வண்டி, பிறகு அரைப் பாரம், பிறகு முழுப் பாரம் என்று, வழக்கத்தைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். ஈரச் சாலையில் காலி வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தனியே கவனிக்கச் சொல்லுங்கள்.

எஸ்டேட் பாதைக்குப் போகும் வண்டிகள்

தார்ச் சாலையில் உதவும் இதே கம்பி, எஸ்டேட் மண் பாதையில் இடைஞ்சலாகலாம். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மேலேறும்போது மறு சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொட வேண்டும். கம்பி தடித்தால் அந்தச் சக்கரத்தைத் தொங்கவிடாமல் தூக்கிப் பிடிக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், தரையை விட்டு எழுந்த சக்கரம் அந்தரத்தில் சுழலும். அதே அச்சின் மறு சக்கரத்துக்கு இழுவை போய்விடும். பச்சைத் தேயிலை ஏற்றப் போகும் வண்டி சேற்றில் நின்றுபோக இதுவே போதும்.

இதற்காக லிங்க்கைப் பின் எடுத்துக் கழற்றிவிடும் அமைப்புகள் உள்ளன. அமெரிக்காவின் ஜீப் ராங்ளர் ரூபிகான் வண்டியில் 2007 மாடல் முதல் முன் கம்பியை ஒரு பொத்தானை அழுத்தியே விடுவிக்கலாம். நம் பழைய வண்டிகளுக்குக் கையால் கழற்றும் லிங்க்தான் உண்டு. கழற்றிய கையைக் கட்டிவைக்க ஓர் இடமும் வேண்டும். இல்லையேல் அது தொங்கி ஹோஸையோ டயரையோ பதம் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் டிரைவர் மறவாமல் மாட்ட வேண்டும். மாட்ட மறந்த வண்டி, டிரைவர் எதிர்பாராத அளவுக்குச் சாயும். தினமும் கழற்றி மாட்டும் பொறுமை இல்லையென்றால் மிதமான கம்பியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பச்சைத் தேயிலை எடையில் இலேசு, உருவில் பெரிது. வலைப் பைகளை வண்டியின் பக்கங்களில் பிதுங்க உயரமாக அடுக்குவதைக் காண்கிறோம். மழை நாளில் இலை நனைந்தால் எடையும் கூடிவிடும், அதுவும் உயரத்தில். கழுவிய கேரட்டும் அப்படித்தான். நீர் சொட்டும் மூட்டை, காய்ந்த மூட்டையைவிடக் கனமானது, தளமும் வழுக்கும்.

பழைய ஜீப் வகைகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ந்த தார்ச் சாலை வளைவுகளில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் கியர்களும் ஷாஃப்ட்டும் இறுகி, ஸ்டீயரிங் கனத்துப் போகும். மண் பாதை முடிந்ததும் டூ வீலுக்கு மாற்ற டிரைவரைப் பழக்குங்கள்.

சட்டமும் காகிதமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தேய்ந்த பாகத்தைக் கம்பெனி பாகத்தால் மாற்றுவது வேறு. சேஸிஸில் வெட்டி ஒட்டுவது, உயரத்தைக் கூட்டுவது வேறு. சந்தேகம் இருந்தால் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது காட்ட, பாகத்துக்கும் கூலிக்கும் முறையான ஜி.எஸ்.டி. பில் வாங்கி வையுங்கள்.

அதிக பாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதன் மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000. ஸ்டெபிலைசர் பார் போட்டதால் பதிவுச் சான்றில் எழுதிய சுமை ஒரு கிலோகூட உயர்வதில்லை.

முதலாளியின் பொறுப்பு

முடிவாக ஒன்று. எங்கள் வண்டியிலிருந்து அந்தத் தடித்த பின்கம்பியைக் கழற்றினோம். முன்புற ஷாக்கிள் புஷ்களையும் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினோம். முன்புறத்தில் அளவான கம்பி போட்டோம். கனமான மூட்டைகள் அடியில், இலேசானவை மேலே, பக்கப் பலகைக்கு மேல் அடுக்கக் கூடாது என்று லோடு ஏற்றுவோரிடம் சொல்லி வைத்தோம். ஆட்டம் பெருமளவு குறைந்தது. ஆனால் மிகப் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. மண்டிக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரை விரட்டுவதை நிறுத்தினோம். அரை மணி நேரம் முன்னதாக லோடு ஏற்றத் தொடங்கினோம்.

அந்த அரை மணி நேரத்துக்குச் செலவு ஏதும் இல்லை. வளைவில் 30-ல் போன வண்டி 25-ல் போகிறது, அவ்வளவே. எந்தப் பட்டறையிலும் விலைக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

வண்டியில் செலவு செய்ய நினைக்கும் அன்பர்கள் முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள். அடுத்து அடுக்கும் முறையைத் திருத்துங்கள். அதன் பிறகே கம்பியைப் பற்றி யோசியுங்கள். போடுவதானால் முன்னும் பின்னும் சமன் பார்த்துப் போடுங்கள். நம் சரக்கு நஷ்டமானால் அடுத்த சந்தையில் ஈடு கட்டலாம். நம்மை நம்பி ஸ்டீயரிங் பிடிக்கும் டிரைவர் பத்திரமாக வீடு திரும்பும்படி பார்த்துக்கொள்வது முதலாளிகளாகிய நம் கையில்தான் இருக்கிறது என்பதை வணிகப் பெருமக்கள் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.